மேனுவல்ல 8 ஜிபி தான், 16 போடலாமா?

கேள்வி: என்கிட்ட திங்க்பேட் எக்ஸ்220 இருக்கு, 2011 மாடல், ஐ5-2520எம் பிராசசர். 4 ஜிபி ரேம் ரெண்டு இருக்கு. மேனுவல்ல மேக்ஸிமம் 8 ஜிபின்னு போட்டிருக்கு, ஆனா பிரவுசர்ல நாலு டேப் சேந்தாப்புல தொறந்தாலே திணறுது. 16 ஜிபி போட்டா போர்டு போயிடுமா?

பதில்: தாராளமா போடுங்க, போர்டுக்கு ஒண்ணும் ஆகாது. அந்த லேப்டாப் வந்த சமயத்துல 4 ஜிபி ஸ்டிக் தான் சகஜமா கெடச்சுது, ரெண்டு ஸ்லாட்டுக்கு 8னு கணக்கு போட்டு எழுதுனது தான் அந்த மேனுவல் வரி. நெஜமான லிமிட் ரேம கவனிச்சுக்கற மெமரி கன்ட்ரோலர்ல இருக்கு, உங்களுக்கு அது பிராசசருக்குள்ளயே இருக்கு, அந்த பிராசசருக்கு இன்டெல் குடுத்திருக்கற லிமிட்டே 16 ஜிபி தான். 2011 மேக்புக் ப்ரோவும் இதே கதை தான், ஆப்பிள் சொன்னது 8, ஓடுறது 16.

ஆனா இத வச்சு எல்லா பழைய மெஷினுக்கும் ரேம் வாங்கிடாதீங்க ப்ளீஸ். இன்டெல் 945 சிப்செட் (போர்டுல பிராசசரையும் மத்த பாகங்களையும் இணைக்கற சிப்) உள்ள லேப்டாப்ல 4 ஜிபி போட்டாலும் சுமாரா 3 தான் தெரியும், 64 பிட் ஓஎஸ் போட்டாலும் அது மாறாது, ஏன்னா தடையே சிப்புல இருக்கு. அதனால மொதல்ல பிராசசர், சிப்செட் பேரப் பாருங்க, மேனுவல் அப்புறம்.

வாங்குறப்போ டிடிஆர்3 லேப்டாப் ரேம், 1333 ஸ்பீடு, 8 ஜிபி ஸ்டிக் ரெண்டுன்னு கேளுங்க. ஒரே ஸ்டிக்ல 16னு யாராவது குடுத்தா வேண்டாம், இதுல எடுக்காது. சார்ஜர், பேட்டரி ரெண்டையும் கழட்டிட்டு, ஸ்டிக்க சாய்வா சொருகி, தங்கக் கலர் முனை முழுசா உள்ள போனப்புறம் கீழ அமுக்குங்க, ரெண்டு பக்க கிளிப்பும் டக்குனு பிடிக்கணும். ஆன் பண்ணி பீப் மட்டும் வந்து ஸ்கிரீன் கறுப்பா நின்னா பதறாதீங்க, பெரும்பாலும் ஸ்டிக் சரியா உக்காராத கேஸ் தான், கழட்டி ஒவ்வொரு ஸ்டிக்கா போட்டுப் பாருங்க.

விண்டோஸ் 32 பிட்டா இருந்தா 4க்கு மேல பிரயோஜனமே இல்ல, விண்டோஸ் 7 ஹோம் பேசிக்னா 64 பிட்லயும் 8 தான். இன்னமும் பழைய ஹார்ட் டிஸ்க் தான்னா ரேமுக்கு முன்னாடி எஸ்எஸ்டி மாத்துங்க, வித்தியாசம் அதுல தான் பெருசா தெரியும்.

ரேம் மாத்துன அன்னிக்கு ராத்திரி மெம்டெஸ்ட்னு ரேம சோதிக்கற புரோகிராம ஓட விட்டுட்டு படுங்க. காலைல ஒரு எரர் கூட இல்லைன்னு பாக்குற வரைக்கும் அந்தப் பழைய 4 ஜிபி ஸ்டிக் ரெண்டையும் யாருக்கும் குடுத்துடாதீங்க.