எபிரோனுக்குப் போகலாமா?

கேள்வி: எங்கள் சபையிலிருந்து எருசலேம், பெத்லெகேம், கலிலேயா பயணம் போகிறோம். பட்டியலில் எபிரோன் இல்லை. ஆபிரகாமையும் சாராளையும் அடக்கம்பண்ணிய மக்பேலா குகையைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பெத்லெகேமில் ஒரு நாள் ஓய்வு தருகிறார்கள். ராணுவப் பிடியில் இரண்டாகப் பிரிந்து கிடக்கும் ஊருக்குப் போவது வம்பு என்கிறார் கணவர். "மற்றவர் கஷ்டத்தை வேடிக்கை பார்க்கவா போகிறீர்கள்?" என்கிறாள் மகள். நான் என்ன செய்யட்டும்?
- வாசகி, நாகர்கோவில்

அன்புள்ள சகோதரி,

நிலவரம் இடம் கொடுத்தால் போய் வாருங்கள். ஆனால் குகையை மட்டும் கும்பிட்டுவிட்டுத் திரும்பலாம் என்று எண்ணாதீர்கள். அதைச் சுற்றியுள்ள தெருக்களைக் கடக்காமல் அங்கே போக முடியாது.

ஆபிரகாம் நானூறு வெள்ளிச் சேக்கல் எண்ணிக் கொடுத்து வாங்கிய நிலம் என்று ஆதியாகமம் 23-இல் படித்திருப்பீர்கள். அதன்மேல் இன்று நிற்பது ஏரோது காலத்துப் பெருஞ்சுவர். அதற்குள் ஒரு பாதி பள்ளிவாசல், மறு பாதி ஜெப ஆலயம். குகைக்குள் யாரையும் இறங்க விடுவதில்லை. மேலே துணி போர்த்திய கல்லறைச் சின்னங்களைத்தான் பார்ப்பீர்கள். ஈசாக்கு, ரெபெக்காள் சின்னங்கள் முஸ்லிம்கள் பக்கம். யாக்கோபு, லேயாள் யூதர்கள் பக்கம். நடுவில் இருக்கும் ஆபிரகாமை இரு தரப்பும் கம்பி போட்ட ஜன்னல் வழியாகப் பார்க்கிறார்கள்.

1994 பிப்ரவரி 25 அன்று, ரமலான் மாத அதிகாலைத் தொழுகையில், பக்கத்து யூதக் குடியிருப்பான கிரியாத் அர்பாவில் வசித்த யூத மருத்துவர் ஒருவர், இங்கே தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் 29 பேரைச் சுட்டுக் கொன்றார். கட்டடத்தை இப்படிப் பங்கிட்டது அதற்குப் பிறகுதான். 1997-இல் நகரமே பிரிந்தது. சுமார் 80 சதவீதம் பாலஸ்தீன நிர்வாகத்தின் கீழ். அதை எச்1 என்கிறார்கள். பழைய நகரம் உள்ளிட்ட மீதி எச்2, இஸ்ரேலிய ராணுவத்தின் கையில். எச்2-இல் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் நடுவே சில நூறு யூதக் குடியேறிகள், அதாவது இஸ்ரேல் கைப்பற்றிய மேற்குக் கரையில் வந்து குடியமர்ந்தவர்கள். அவர்களிடம் பேசினால் 1929-ஐச் சொல்வார்கள். அந்த ஆண்டு இங்கே 67 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அது உண்மை, கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இன்றைக்கு ஊரில் யார் எந்தத் தெருவில் நடக்கலாம் என்று தீர்மானிக்கும் துப்பாக்கி ஒரு தரப்பிடம்தான் இருக்கிறது. 'இரண்டு பக்கமும் ஒன்றுதான்' என்ற முடிவோடு யாராவது திரும்பி வந்தால் அவர் சரியாகப் பார்க்கவில்லை என்பேன்.

இப்போது உங்கள் மகளின் கேள்வி. அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. வாசலில் சிப்பாய் உங்கள் மதத்தைக் கேட்கலாம். யூதர் பள்ளிவாசல் பக்கம் போக முடியாது, முஸ்லிம் ஜெப ஆலயப் பக்கம் போக முடியாது. கிறிஸ்தவர், அதுவும் இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர், இரண்டுக்குள்ளும் போகலாம். ஷுஹதா தெருவிலும் இதே கதை. ஒரு காலத்தில் ஊரின் பெரிய கடைத்தெரு அது. கடைக் கதவுகளை வெல்டிங் செய்து மூடியிருக்கிறார்கள். அதன் பெரும்பகுதியில் பாலஸ்தீனர்களுக்கு அனுமதி இல்லை. நீங்கள் தாராளமாக நடப்பீர்கள். கூட வந்த பாலஸ்தீன கைடு சோதனைச்சாவடியோடு நின்றுவிடுவார், நீங்கள் சுற்றிவிட்டு வந்து அவரோடு சேர்ந்துகொள்வீர்கள். அந்தப் பத்திருபது நிமிடம் சங்கடமாகத்தான் இருக்கும். இருக்கட்டும். அந்தச் சங்கடம் இல்லாமல் நடப்பதுதான் வேடிக்கை பார்ப்பது.

எருசலேமிலிருந்து இஸ்ரேலியப் பேருந்தும் உண்டு, ஆனால் அது குடியேறிகள் பக்கம் இறக்கிவிடும். நீங்கள் பெத்லெகேமில் தங்குவதால் அங்கிருந்தே 'சர்வீஸ்' எனப்படும் ஷேர் டாக்சியில் உள்ளூர் கைடோடு போங்கள். பழைய சந்தை வழியாக மக்பேலாவுக்கு நடக்கலாம். சந்தையில் தலைக்கு மேலே கம்பிவலை கட்டியிருப்பார்கள். மேல் மாடிகளில் உள்ள குடியேறிகள் வீசும் கல்லும் குப்பையும் கீழே விழாமல் இருக்கத்தான் அது. வலையில் சிக்கியது அப்படியே தொங்கும். கீழே கடைக்காரர் உங்களை விடாமல் கூப்பிடுவார். அலுத்துக்கொள்ளாதீர்கள், அவருக்கு வாடிக்கையாளர்கள் குறைவு. எபிரோன் ஊதுகண்ணாடிக்குப் பேர்போனது. நீலக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று வாங்குங்கள். கனமில்லை, துணிக்குள் சுருட்டிவைத்தால் நாகர்கோவில் வரை உடையாது.

வெள்ளி, சனி இரண்டும் வேண்டாம். ஒன்று தொழுகை நாள், மற்றது ஓய்வுநாள். பண்டிகைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டில் பத்து நாள் கட்டடம் முழுவதும் யூதர்களுக்கு, பத்து நாள் முஸ்லிம்களுக்கு என்று ஏற்பாடு. பள்ளிவாசலில் பெண்களுக்கு முக்காடு வைத்த அங்கி தருவார்கள். போட்டுக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டோடு, விமான நிலையத்தில் கொடுக்கும் நுழைவுச் சீட்டும் கையில் இருக்கட்டும். அதை ஓட்டலில் விட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். சிப்பாய்களையும் சாவடிகளையும் படம் பிடிக்காதீர்கள். கைடின் முகத்தை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். நீங்கள் ஊர் திரும்பிவிடுவீர்கள், அவர் அங்கேதான் இருக்க வேண்டும். திரும்பும்போது விமான நிலையத்தில் எங்கே போனீர்கள் என்று கேட்டால் எபிரோன் என்றே சொல்லுங்கள்.

கணவர் பயப்படுவதில் தப்பில்லை. 2023 அக்டோபரில் காசா போர் தொடங்கிய பிறகு எச்2-இல் கெடுபிடி இன்னும் இறுகியது, சில பகுதிகளில் நாள் கணக்கில் ஊரடங்கு இருந்தது. பயணம் கிளம்பும் முன் டெல் அவிவ் இந்தியத் தூதரகம், ரமல்லாவில் உள்ள இந்தியப் பிரதிநிதி அலுவலகம் இரண்டின் அறிவிப்புகளையும் பாருங்கள். குழுத் தலைவருக்குச் சொல்லாமல் மட்டும் போய்விடாதீர்கள், உங்களுக்கு ஏதாவது என்றால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். கணவருக்கு மனமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். குழுவில் வேறு யாராவது நிச்சயம் கூட வருவார்கள். அன்று காலை கைடு "இன்றைக்கு வேண்டாம்" என்றால் மறுபேச்சு பேசாமல் பெத்லெகேமிலேயே இருந்துவிடுங்கள்.