மூன்றாவது வாரத்தில் நின்றுபோகும் ஓட்டம்

கேள்வி: எனக்கு வயது 41. ஆண்டுதோறும் ஜனவரியில் ஓடத் தொடங்குகிறேன். மூன்றாவது வாரத்தில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வந்து விட்டுவிடுகிறேன். மன உறுதி போதவில்லையா?
– வாசகர், மதுரை

பதில்: உங்கள் மன உறுதியில் குறையில்லை. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே ஓட்டத்துக்குப் பழகிவிடுகின்றன. எலும்பும் தசைநாணும் வலுப்பெறப் பல மாதங்கள் ஆகின்றன என்பதால், மூச்சு வாங்காத துணிச்சலில் நாம் கூட்டிவிடும் தூரத்தின் சுமை முழுவதும் கால்களில் இறங்குகிறது. விரலால் அழுத்தும்போது ஒரே புள்ளியில் சுள்ளென்று வலித்தாலோ, ஓய்விலும் வலி நீடித்தாலோ, எலும்பில் நுண்விரிசல் இருக்கக்கூடும். எலும்பு மருத்துவரைப் பார்க்காமல் ஓடவே ஓடாதீர்கள்.

வலி அடங்கிய பின், வாரத்தில் மூன்று நாள், ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை என மாறி மாறி 20 நிமிடம் போதும். உடன் வருபவரிடம் திணறாமல் முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே சரியான வேகம். மற்ற நாள்களில், அதே நேரத்தில் காலணியைக் கட்டிக்கொண்டு விறுவிறுப்பாக நடந்து வாருங்கள். பெரியவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வாரம் 150 நிமிட மிதமான உடலுழைப்பில் அந்த நடையும் சேரும்.