ஆயுஷ்மான் அட்டை வந்துவிட்டது, பாலிசியை நிறுத்தலாமா?

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறோம். அப்பாவுக்கு 74 வயது, ஸ்டென்ட் வைத்திருக்கிறது. அம்மாவுக்கு 68, சர்க்கரை உண்டு. இருவருக்கும் சேர்த்து 5 லட்சத்துக்கு ஃப்ளோட்டர் மருத்துவக் காப்பீட்டு பாலிசி ஏழு வருடமாக ஓடுகிறது. ஜிஎஸ்டியை எடுத்த பிறகும் 57,750 ரூபாய் கேட்கிறார்கள். அப்பாவுக்கு ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை (முதியவர்களுக்கான மத்திய அரசின் இலவச சிகிச்சை அட்டை) கிடைத்துவிட்டது. பாலிசியை விட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். முதலில் அம்மாவை நினைத்துப் பாருங்கள். 2024 அக்டோபர் 29-ல் தொடங்கிய இந்த அட்டைக்கு வருமான வரம்பு கிடையாது, ஆனால் 70 வயது ஆகியிருக்க வேண்டும். பாலிசியை நிறுத்தினால் அம்மாவுக்கு அது தரும் பாதுகாப்பு போய்விடும். அப்புறம் புதிதாக எடுக்கப் போனால் சர்க்கரைக்கு 3 வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். தொடர்ந்து 5 வருடம் கட்டியவர்களின் க்ளெய்மை, மோசடி இருந்தாலொழிய, 'நோயை மறைத்தீர்கள்' என்று தள்ள முடியாது. ஏழு வருடம் கட்டிச் சேர்த்த அந்த உரிமையும் போய்விடும்.

அப்பாவின் அட்டை நல்ல விஷயம்தான். பிரீமியம் இல்லை, பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே 5 லட்சம் வரை உண்டு. தனியார் பாலிசி இருந்தாலும் பயன்படுத்தலாம். ஆனால் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் படுக்கையில் சேர்ந்தால்தான் செல்லும், மாதாமாதம் வாங்கும் மருந்துக்கு உதவாது. சுமார் 6 கோடி முதியவர்களுக்காக மத்திய அமைச்சரவை தொடக்கத்தில் ஒப்புதல் தந்த தொகை 3,437 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள், தலைக்கு 573 ரூபாய்தான் வருகிறது. எல்லாரும் ஒரே வருடத்தில் படுக்கப் போவதில்லை, சரி. ஆனாலும் சிகிச்சைக்கு அரசு தரும் பேக்கேஜ் தொகை கட்டுப்படியாகவில்லை, பணமும் தாமதமாக வருகிறது என்று பல மருத்துவமனைகள் குறைப்படுகின்றன. அதை நம்பி மட்டும் இதய நோயாளியை விட எனக்கு மனம் வரவில்லை.

பில்லைப் பார்த்தேன். போன வருடம் பிரீமியம் 52,500, வரி 9,450, மொத்தம் 61,950. இந்த வருடம் வரி இல்லை, பிரீமியம் 10% ஏறியிருக்கிறது. மூத்த குடிமக்களுக்கு அதற்கு மேல் ஏற்ற வேண்டுமானால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யைக் கலந்துதான் ஏற்ற வேண்டும். இதுவும் பாரமென்றால், கோ-பே (பில்லில் ஒரு பங்கை நாமே கட்டுவது) சேர்த்தால் எவ்வளவு குறையும் என்று கேளுங்கள். வேறு கம்பெனிக்கு பாலிசியை மாற்றினாலும் (போர்ட்) காத்திருந்த காலம் கணக்கில் வரும். அப்படி மாற்ற, ரெனியூவலுக்கு 45 நாள் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

இந்த வாரமே அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்த மருத்துவமனைக்குப் போய், அங்கே இதய சிகிச்சை திட்டத்தில் இருக்கிறதா என்று ஆரோக்யமித்ராவிடம் (மருத்துவமனையில் இத்திட்டத்துக்கு உதவும் ஊழியர்) கேட்டுக்கொள்ளுங்கள்.