லாரியில் பிரச்சினையா, லாரியோடு பிரச்சினையா?

அன்புள்ள ஐயா,

வாளையாரில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். சரக்கு நேரத்துக்குப் போகாவிட்டாலோ, உடைந்தாலோ, எண்ணிக்கை குறைந்தாலோ பார்ட்டிக்கு நான்தான் இங்கிலீஷில் மெயில் எழுத வேண்டும். போன வாரம் எழுதியது இது:

"தேர் இஸ் ப்ராப்ளம் இன் லாரி நியர் குதிரான். ரீசன் ஆஃப் ஒன் டே டிலே இஸ் பிரேக்டவுன். டேமேஜ் ஆஃப் 12 பாக்ஸஸ் அண்ட் ஷார்ட்டேஜ் இன் 3 பாக்ஸஸ். டிரைவர் இஸ் ஆல்ஸோ இன் எ டிரபுள். வீ ரெக்வெஸ்ட் ஃபார் யுவர் கோஆபரேஷன்."

எர்ணாகுளத்துப் பார்ட்டிக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் எங்கள் மேனேஜர் இன், ஆஃப், ஃபார் எல்லாவற்றையும் சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்தார். ஏன் தப்பு என்று கேட்டால் "அது அப்படித்தான்" என்கிறார். பக்கத்து ஸீட் சேச்சிக்கும் இதே சந்தேகம். தமிழில் 'இல்', 'ஆல்', 'க்கு' போடுவதுபோல் இதற்கு ஏதாவது கணக்கு உண்டா?

(வாளையாரிலிருந்து ஒரு வாசகி)

அன்புள்ள சகோதரிக்கு,

கணக்கு உண்டு. ஆனால் 'இல்' வந்தால் இன், 'க்கு' வந்தால் டு என்று போடுகிற கணக்கு அல்ல. உங்கள் ஆபீஸிலேயே பாருங்கள். நீங்கள் "லாரியில் ஏதோ கோளாறு" என்பீர்கள். சேச்சி மலையாளத்தில் "லோறிக்கு எந்தோ ப்ரஸ்னம்" என்பார். அக்காள் தங்கை மாதிரி இருக்கும் இரண்டு மொழிகளே ஒரே லாரிக்கு வேறு வேறு உருபு போடும்போது, ஆங்கிலம் மூன்றாவதாக 'வித்' போடுவதில் ஆச்சரியமில்லை. அங்கே எந்த ப்ரெபொசிஷன் (இன், ஆஃப், வித் போன்ற சிறு சொல்) வரும் என்பதை அதற்கு முன்னால் நிற்கும் பெயர்ச்சொல்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. ஆகவே 'ப்ராப்ளம்' என்று தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். 'ப்ராப்ளம் வித்' என்று ஒட்டியே நாக்கில் ஏற்றுங்கள்.

முதல் வரியிலிருந்து வருகிறேன். வண்டி, கம்ப்யூட்டர், பில், ஆள் என்று எதனால் தொல்லை வருகிறதோ அதற்கு முன் 'வித்' போடுங்கள். 'எ ப்ராப்ளம் வித் தி லாரி', 'டிரபுள் வித் தி பிரேக்'. 'இன்' போட்டால் எப்போதும் தப்பு என்று சொல்ல மாட்டேன். பொருளுக்குள்ளே இந்த இடம் என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய பழுதுக்கு 'இன்' சரிதான். கண்ணாடியில் விரிசல் 'எ க்ராக் இன் தி கிளாஸ்', ஒயரிங்கில் கோளாறு 'எ ஃபால்ட் இன் தி வயரிங்'. வெறுமனே 'ப்ராப்ளம் இன் லாரி' என்றால் லாரிக்குள் ஏதோ தகராறு என்றும் ஒருவர் எடுத்துக்கொள்ள இடமுண்டு.

அதே வரியில் இன்னொன்று. 'ப்ராப்ளம்' எண்ணக்கூடிய சொல், அதற்கு முன் 'எ' வேண்டும். 'டிரபுள்' பொதுவாக எண்ணாத சொல், 'எ' கூடாது. நீங்கள் வேண்டிய இடத்தில் விட்டுவிட்டு, வேண்டாத இடத்தில் போட்டிருக்கிறீர்கள். மேனேஜர் ப்ரெபொசிஷனை மட்டும் சுழித்ததில் இது தப்பிவிட்டது போலிருக்கிறது.

அடுத்து 'ரீசன் ஆஃப்'. தமிழில் 'தாமதத்தின் காரணம்', 'தாமதத்துக்குக் காரணம்' இரண்டும் செல்லும் என்பதால் இந்தத் தவறு சுலபமாக வருகிறது. ஆங்கிலத்தில் காரணத்துக்கு இரண்டு சொல், இரண்டுக்கும் தனித்தனி ஜோடி. 'ரீசன் ஃபார் தி டிலே', 'காஸ் ஆஃப் தி டிலே'. மாற்றிப் போடக் கூடாது. 'காஸ் ஃபார்' என்று ஒன்று உண்டு, அதன் பொருள் வேறு. 'நோ காஸ் ஃபார் அலார்ம்' என்றால் பயப்படுவதற்கு முகாந்திரம் இல்லை என்று அர்த்தம். வண்டி பழுதானதைச் சொல்ல அது உதவாது.

'டிலே' என்ற சொல்லுக்கு இரண்டு பக்கம் உண்டு. எது தாமதமானதோ அதற்கு 'இன்', எவ்வளவு தாமதமோ அதற்கு 'ஆஃப்'. 'எ டிலே ஆஃப் ஒன் டே இன் டெலிவரி'. கூடுதல், குறைவு சொல்லும் பெயர்ச்சொற்களும் இப்படியே. வாடகை ஏறினால் 'அன் இன்க்ரீஸ் இன் ஃப்ரெய்ட்', 10 சதவீதம் ஏறினால் 'அன் இன்க்ரீஸ் ஆஃப் 10 பர்சென்ட்'.

இனி உங்கள் தொழிலுக்கு மிக முக்கியமான வரி, 12 பெட்டியும் 3 பெட்டியும். பெட்டி கையில் இருக்கிறது, ஆனால் நசுங்கியிருக்கிறது என்றால் 'டேமேஜ் டு 12 பாக்ஸஸ்'. பெட்டியே இல்லை என்றால் 'ஷார்ட்டேஜ் ஆஃப் 3 பாக்ஸஸ்', 'லாஸ் ஆஃப் 3 பாக்ஸஸ்'. அடிபட்டதற்கு டு, காணாமல் போனதற்கு ஆஃப். முதலாவதில் நம் தமிழ் உங்களுக்குத் துணை நிற்கிறது, 'பெட்டிக்குச் சேதம்' என்று 'க்கு' போட்டுத்தானே பேசுகிறோம்? 'இன்ஜுரி டு', 'த்ரெட் டு', 'ஹார்ம் டு' எல்லாம் அடி வாங்குகிறவரைக் காட்டும் டு. நஷ்டம் யாருக்கு என்றாலும் டு வரும்: 'எ லாஸ் டு தி கம்பெனி'. எல்.ஆர். (லாரி ரசீது) காப்பியில் குறிப்பு எழுதும்போதும் இதே முறையில் எழுதுங்கள். ஒரு எச்சரிக்கை: சேதத்தைச் சொல்லும்போது 'டேமேஜஸ்' என்று 'ஸ்' சேர்க்காதீர்கள். சட்டத்தில் அது நஷ்ட ஈட்டுத் தொகையின் பெயர்.

'ரெக்வெஸ்ட் ஃபார்' பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நம் நாட்டு ஆபீஸ் கடிதங்களில் பாதிக்கு மேல் சறுக்குவது இங்கேதான் என்பது என் எண்ணம். ஒரே சொல் பெயராக நின்றால் ப்ரெபொசிஷன் கேட்கும், வினையாக நின்றால் கேட்காது. 'யுவர் ரெக்வெஸ்ட் ஃபார் பேமென்ட்' சரி, அங்கே அது பெயர். 'வீ ரெக்வெஸ்ட் பேமென்ட்' என்பதில் அது வினை, ஃபார் வேண்டாம். இப்படியே பற்றாக்குறையைச் சொல்லும் 'லாக் ஆஃப் டிரைவர்ஸ்', ஆனால் 'வீ லாக் டிரைவர்ஸ்'. 'டிமாண்ட் ஃபார் லாரிஸ்', ஆனால் 'தே டிமாண்ட் லாரிஸ்'. 'டிஸ்கஷன் அபௌட் தி க்ளெய்ம்', ஆனால் 'வீ டிஸ்கஸ்ட் தி க்ளெய்ம்'. 'டேமேஜ் டு தி பாக்ஸ்', ஆனால் 'தி ரெயின் டேமேஜ்ட் தி பாக்ஸ்'. பெயர்ச்சொல்லில் பழகிய ஃபாரும் அபௌட்டும் வினையிலும் ஒட்டிக்கொண்டு வந்துவிடுவதால்தான் 'ரெக்வெஸ்ட் ஃபார்', 'டிஸ்கஸ் அபௌட்' எல்லாம் உண்டாகின்றன. மெயில் அனுப்பும் முன் அந்தச் சொல் அங்கே பெயரா வினையா என்று ஒரு தடவை பார்த்தால் போதும்.

கடைசியாக டிரைவர். 'இன் டிரபுள்' என்பதில் இன் பொருத்தமானது. லத்தீனில் கலங்கிய நீரைச் சொன்ன சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததுதான் டிரபுள். நம் 'கலங்கு', 'கலக்கம்' போலவே தண்ணீரிலிருந்து மனசுக்கு வந்த சொல். மனிதன் அதற்குள் நிற்கிறான், அதனால் இன். நாம் 'சிக்கலில் மாட்டினான்' என்கிறோம், சேச்சி 'குழப்பத்திலாயி' என்பார், மூன்று மொழியும் ஒத்துப்போகிற இடம் இது. யாரிடம் மாட்டினார் என்பதற்கு வித், எதற்காக என்பதற்கு ஃபார்: 'இன் டிரபுள் வித் தி போலீஸ் ஃபார் ஓவர்லோடிங்'.

ஆனால் உங்கள் டிரைவர் வண்டி நின்று வழியில் தவித்தார், அவ்வளவுதானே? ஓர் ஆளை 'இன் டிரபுள்' என்று மட்டும் எழுதினால், ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டார் என்ற பொருளும் எட்டிப்பார்க்கும். எர்ணாகுளத்துக்காரர் கேஸ் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிடலாம். 'டிரைவர் இஸ் டேஞ்சரஸ்' என்று எழுதுவது அதைவிட மோசம், அது அவரால் பிறருக்கு ஆபத்து என்று ஆகிவிடும். ஆபத்தில் இருக்கிறார் என்றால் 'இன் டேஞ்சர்'. அவர் பத்திரமாக இருந்தால் அதையே எழுதிவிடுங்கள்:

"தேர் வாஸ் எ ப்ராப்ளம் வித் தி லாரி நியர் குதிரான். தி பிரேக்டவுன் காஸ்ட் எ டிலே ஆஃப் ஒன் டே இன் டெலிவரி. வீ ஃபவுண்ட் டேமேஜ் டு 12 பாக்ஸஸ் அண்ட் எ ஷார்ட்டேஜ் ஆஃப் 3. தி டிரைவர் இஸ் சேஃப். வீ ரெக்வெஸ்ட் யுவர் கோஆபரேஷன்."