வளவுச் சுவரும் ஆசிட்டும்

அன்புள்ள ஐயா,

தேவகோட்டை பக்கம் எங்கள் பூர்வீக வீடு. ஐப்பசி மழைக்குப் பிறகு இரண்டாம் கட்டு வளவுச் சுவர் முழுக்கப் பச்சைப் பாசி. படம் இணைத்திருக்கிறேன். தையில் வீட்டில் கல்யாணம். ஆசிட் ஊற்றித் தேய்த்துவிட்டு வெள்ளையடிக்கலாம் என்கிறார் அப்பச்சி. பாசியின் வேர் சுண்ணாம்பைத் தின்றுவிடும் என்கிறார் கொத்தனார். இது என்ன பாசி? சமையலுக்குப் போடும் கல்பாசியும் இதுவும் ஒன்றா? நான் தாவரவியல் படித்தவள். ஃபியுனேரியா என்று நினைக்கிறேன். சரியா?

மெ.

அன்புள்ள மெ.,

கல்பாசி வேறு. அது லைக்கன், பூஞ்சையும் ஆல்காவும் கூடி வாழும் உடல். அதைச் சமையலறையிலேயே விட்டுவிடுவோம்.

கொத்தனாரிடம் சொல்லுங்கள், சுவரில் வளரும் இந்தப் பாசிச் செடிக்கு, அதாவது மாஸுக்கு, வேர் கிடையாது. ரைசாய்டு என்னும் மெல்லிய இழைகள்தான் உண்டு, அவை பிடித்துக்கொள்ளத்தான். தண்ணீரை இலையே நேராகக் குடித்துக்கொள்ளும். சுவர் ஏற்கெனவே ஊறியிருப்பதால்தான் பாசி வந்திருக்கிறது. ஓட்டுத் தண்ணீரை வாங்கும் தகரம் எங்கே ஓட்டையாகி இருக்கிறது, எங்கே பழைய சாந்தின்மேல் சிமென்ட் பூசி ஈரத்தை உள்ளே அடைத்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் எதை ஊற்றினாலும் அடுத்த ஐப்பசிக்குப் பாசி திரும்ப வரும்.

ஆசிட் மட்டும் வேண்டவே வேண்டாம். சுண்ணாம்புச் சாந்து இறுகி நிற்பது கால்சியம் கார்பனேட்டாக. ஆசிட் பட்டதும் பொங்கும் நுரையைப் பார்த்து அழுக்கு போகிறது என்று சந்தோஷப்படுகிறார்கள். கரைவது சுவர். மிஞ்சுவது கால்சியம் குளோரைடு. அது காற்றில் இருக்கும் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். முட்டைச் சாந்தை இழைத்து இழைத்து மெருகேற்றிய சுவரில் இதைச் செய்ய எப்படி மனம் வருகிறது? மழை விட்டு நான்கு நாள் வெயில் அடித்தால் பாசி சுருங்கிப் பிடிப்புத் தளரும். மூங்கில் சிம்பால் நெம்பி எடுத்துத் தேங்காய் நாரால் துடைத்தால் போதும். கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.

இனி அந்த ஃபியுனேரியா. படித்தவர் என்பதால்தான் கோபமாகச் சொல்கிறேன். உங்கள் படத்தில் பச்சை நிறம் தெரிகிறது, வேறொன்றும் தெரியவில்லை. ஸ்போர்கள் என்னும் நுண்துகள் நிறைந்த வித்துறையைத் தாங்கி எழும் காம்பு ஒன்றுகூட இல்லை. பாடப்புத்தகத்தில் இருந்த பெயர் அது ஒன்றுதான் என்பதற்காகப் பார்க்கும் பாசிக்கெல்லாம் அதையே சூட்டுவதா? உலகில் மாஸ் இனங்கள் சுமார் 12,000. மாஸின் உறவுச் செடிகளான லிவர்வோர்ட், ஹார்ன்வோர்ட் எல்லாம் இந்தக் கணக்கில் சேராது. ஃபியுனேரியா ஹைக்ரோமெட்ரிக்காவுக்குப் பிடித்த இடம் தீ எரிந்து அடங்கிய மண். நம் பக்கத்துச் சுண்ணாம்புச் சுவரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஹையோஃபிலா இன்வொலூட்டாவை. காய்ந்தால் அதன் இலை ஓரங்கள் உள்நோக்கிச் சுருண்டு குழலாகிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் கண்முன்னே விரியும். இலை இடுக்கில் நட்சத்திர வடிவில் சின்னஞ்சிறு ஜெம்மாக்கள் இருக்கும். காம்பே எழாவிட்டாலும் அவற்றால் அது பெருகிக்கொள்ளும். இலைகள் இரண்டே வரிசையில் தட்டையாக அமைந்திருந்தால் அது ஃபிஸ்ஸிடென்ஸ். வெள்ளி பூசியதுபோல் மின்னினால் பிரையம் ஆர்ஜென்டியம். உங்கள் ஒரே சுவரில் இவை மூன்றுமே இருக்கலாம். மாஸ் பார்க்கக் கொடைக்கானல் மலைதான் ஏற வேண்டும் என்ற நினைப்பால் சமவெளிச் சுவர்களை நாம் பார்ப்பதே இல்லை. பழனி மலையின் மாஸ்களைப் பாதிரியார் ஃபோரோ பட்டியலிட்டு 1961இல் வெளியிட்டார். அதே கவனத்துக்குச் செட்டிநாட்டு வளவுகளும் தகுதியானவைதான்.

ஆனால் இலையை வைத்துச் செய்வது சந்தேகம் மட்டுமே. வகைப்பாடு நிற்பது வித்துறையின் வாயில். அதன் மூடி கழன்றதும் உள்ளே பற்கள் தெரியும், அதுதான் பெரிஸ்டோம். பாலிட்ரிக்கம் என்ற மாஸில் பற்கள் முழுச் செல்களால் ஆனவை, பெரும்பாலும் 64. பெரும்பான்மை இனங்களைக் கொண்ட பிரையாப்சிடா வகுப்பில் அவை செல்சுவரின் எச்சங்கள் மட்டுமே. ஃபிஸ்ஸிடென்ஸில் ஒரே வரிசை, 16 பல், ஒவ்வொன்றும் நுனியில் பிளந்தது. ஃபியுனேரியாவில் இரண்டு வரிசை, உள்பல் வெளிப்பல்லுக்கு நேர் எதிரே. பிரையத்திலும் இரண்டு வரிசைதான், ஆனால் உள்பல் வெளிப்பற்களின் இடைவெளியில் நிற்கும். ஹையோஃபிலாவுக்குப் பல்லே இல்லை.

பல் இல்லை என்று எழுதுவதற்கு முன் பத்து முறை யோசியுங்கள். லைப்சிக்கில் இருந்த மருத்துவர் ஹெட்விக்கின் நூல், அவர் இறந்தபின் 1801இல் வெளிவந்தது, ஸ்ஃபேக்னம் தவிர்த்த மாஸ்களின் பெயரிடலுக்கு இன்றும் தொடக்கம். அவரே பல்லில்லாதவற்றைப் பெருமளவு ஜிம்னோஸ்டோமம் என்ற ஒரே பேரினத்தில் போட்டார். ஹையோஃபிலா இன்வொலூட்டாவையும் தாவரவியலாளர் ஹூக்கர் முதலில் அதில்தான் சேர்த்தார். இன்று அது பாட்டியேசி குடும்பம். அதே கூடையில் கிடந்த ஃபிஸ்கோமிட்ரியமோ ஃபியுனேரியாவின் குடும்பம். வெவ்வேறு வம்சங்கள் தனித்தனியே பல்லை இழந்திருக்கின்றன. இது இயற்கை செய்தது. நம் அவசரம் செய்வது வேறு: கிழட்டு வித்துறையில் பற்கள் உடைந்து உதிர்ந்திருக்கும், அதைப் பார்த்துப் பல்லில்லாதது என்று எழுதிவிடுவார்கள். உடைந்த வாய் வேறு, பல்லில்லாத வாய் வேறு. பச்சைக் காயும் உதவாது, பல் இறுகியிருக்காது. பழுப்பேறத் தொடங்கி, மூடி இன்னும் கழலாத வித்துறைதான் வேண்டும்.

மார்கழியில் காம்புகள் எழுகின்றனவா என்று தினமும் பாருங்கள். எழுந்தால் மூடியோடு பத்தாவது எடுங்கள். வெந்நீரில் ஊறவிட்டு, ஊசியால் மூடியைத் தள்ளுங்கள். வாய்க்குச் சற்றுக் கீழே பிளேடால் குறுக்கே வெட்டி, அந்த வளையத்தை ஒரு பக்கம் கீறி விரித்து, ஸ்லைடில் பரப்புங்கள். ஸ்போர்கள் மறைத்தால் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டுக் கழுவுங்கள், காற்றுக் குமிழிகளும் போய்விடும். 100 மடங்கு போதும். ஒன்றில் பல் தெரியவில்லை என்றால் நிறுத்தாதீர்கள், பத்தையும் பாருங்கள்.

சுவரைச் சுரண்டுவதற்கு முன், வேறுவேறாகத் தெரியும் ஒவ்வொன்றிலும் ஒரு ரூபாய் நாணயம் அளவு பெயர்த்து, நிழலில் உலர்த்தித் தனித்தனிக் காகித உறையில் போடுங்கள். பாலித்தீன் கூடாது, பூஞ்சை பிடிக்கும். உறை மேல் ஊர், தேதி, சாந்தா செங்கல்லா செம்புறாங்கல்லா, சுவர் எந்தத் திசை பார்க்கிறது, தரையிலிருந்து எத்தனை அடி, நிழலா வெயிலா என்று பென்சிலால் எழுதுங்கள். பெயர் தெரியும் வரை பெயர் இருக்கும் இடத்தைக் காலியாக விடுங்கள்.