ஆகஸ்டில் எழுதும் பட்டியல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கடந்த ஆண்டு (2024) ஆகஸ்டில், இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்து லீகான பிரீமியர் லீகின் இருபது அணிகளும் எந்த வரிசையில் முடிக்கும் என்று ஒரு பட்டியல் எழுதினீர்கள். இந்த ஆண்டு அதைப் பற்றிய பேச்சையே காணோம். எங்கள் அலுவலகத்தில் ஆறு பேர் ஆளுக்கொரு பட்டியல் எழுதி, உறையில் போட்டு ஒட்டி வைப்போம். மே மாதக் கடைசியில் பிரித்துப் பார்க்கும்போது யாருடையது அதிகம் பிசகியிருக்கிறதோ அவர் மற்ற எல்லோருக்கும் பிரியாணி வாங்கித் தர வேண்டும். இம்முறை வாங்கித் தந்தவன் நான். காரணம், உங்கள் பட்டியலை நம்பியது. 2016-இல் லெஸ்டர் பட்டம் வென்ற நாளோடு இந்தக் கணிப்பெல்லாம் கிளி ஜோசியம் என்றாகிவிட்டது என்கிறார் என் நண்பர். நீங்களும் அப்படித்தான் நினைக்கத் தொடங்கிவிட்டீர்களா? இல்லையென்றால், டாட்டன்ஹாம், மான்செஸ்டர் யுனைடெட் இரண்டில் வரும் 2025-26 சீசனில் எது மேலே முடிக்கும் என்பதையாவது சொல்லுங்கள்.

ர., கோயம்புத்தூர்

அன்புள்ள ர.,

பிரியாணிச் செலவில் பாதி என் கணக்கில் சேர வேண்டியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பட்டியலில் யுனைடெடை 6-ஆம் இடத்திலும், டாட்டன்ஹாமை 5-ஆம் இடத்திலும், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டை 16-ஆம் இடத்திலும் வைத்திருந்தேன். அவை முறையே 15, 17, 7 ஆகிய இடங்களில் முடித்தன. மூன்று அணிகளில் மட்டும் முப்பது இடம் பிசகு. அதற்கு முந்தைய சீசனின் புள்ளிப்பட்டியலை யோசிக்காமல் அப்படியே நகலெடுத்திருந்தால், இதே மூன்று அணிகளில் 29 இடம்தான் பிசகியிருக்கும். அதாவது, ஒரு மாதம் உட்கார்ந்து யோசித்ததில் நான் ஒரு இடம் நஷ்டப்பட்டிருக்கிறேன்.

ஆனாலும் உங்கள் நண்பரோடு எனக்கு உடன்பாடில்லை. 1992-இல் பிரீமியர் லீக் தொடங்கியதிலிருந்து 2024-25 வரை முடிந்த 33 சீசன்களில் பட்டம் வென்ற கிளப்புகள் ஏழுதான். அவற்றிலும் யுனைடெட் 13, மான்செஸ்டர் சிட்டி 8, செல்சி 5, ஆர்சனல் 3, லிவர்பூல் 2 என 31 பட்டங்களை ஐந்தே கிளப்புகள் பங்கிட்டுக்கொண்டுள்ளன. எஞ்சியவை பிளாக்பர்னும் லெஸ்டரும் ஆளுக்கொன்று. லெஸ்டரின் வெற்றி இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பேசப்படுவதற்குக் காரணமே, பட்டியலின் உச்சி வழக்கமாகக் கணிப்புக்கு அடங்கியே நடக்கிறது என்பதுதான். அந்த அணிக்குப் பந்தய நிறுவனங்கள் ஒன்றுக்கு 5000 கொடுக்க முன்வந்தது பெரிய முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். முந்தைய சீசனில் கடைசி ஒன்பது ஆட்டங்களில் ஏழை வென்றுதான் அந்த அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பியது என்ற விவரம் எல்லோர் கண் முன்னாலும் இருந்தது. அதை ஒரு குறியாக வாசிக்க நமக்குத் தெரிந்தது பட்டம் கைக்கு வந்த பிறகுதான்.

சிக்கல் பட்டியலின் நடுவில் இருக்கிறது. இதை விளக்க மூன்று அணிகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். 2023-24-இல் யுனைடெட் 57 கோல் அடித்து 58 வாங்கியது. அதே சீசனில் கிரிஸ்டல் பேலஸும் 57 அடித்து 58 வாங்கியது. 2024-25-இல் டாட்டன்ஹாம் 64 அடித்து 65 வாங்கியது. மூன்றுக்குமே கோல் வித்தியாசம் மைனஸ் 1. ஆனால் யுனைடெடுக்குக் கிடைத்தவை 60 புள்ளிகள், பேலஸுக்கு 49, டாட்டன்ஹாமுக்கு 38. ஒரே கோல் வித்தியாசத்துக்குப் பதினொன்று பதினொன்றாக இறங்கும் இந்தப் படிக்கட்டை நான் முதன்முதலில் தாளில் எழுதியபோது, எண்களைத் தவறாகக் குறித்துவிட்டேனோ என்று மறுபடியும் சரிபார்த்தேன்.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? எத்தனை கோல் வித்தியாசத்தில் ஜெயித்தாலும் ஒரு வெற்றிக்குக் கிடைக்கும் புள்ளிகள் மாறுவதில்லை. தோற்கும்போது நான்கு கோல் வாங்கித் தோற்று, ஜெயிக்கும்போது ஒரே கோலில் ஜெயிக்கும் அணி, தன் ஆட்டத்தின் தரத்துக்கு மேலாகப் புள்ளி சேர்த்துக்கொள்கிறது. யுனைடெட் அந்தச் சீசனில் பேலஸின் மைதானத்தில் 4-0 என்று தோற்றதை நினைத்துப் பாருங்கள். டாட்டன்ஹாமின் கதை நேர்மாறானது. 22 ஆட்டங்களில் தோற்ற ஓர் அணியின் கோல் கணக்கு ஏறக்குறைய சமமாக நிற்பதென்றால், ஜெயித்தபோது வேண்டிய அளவுக்கு மேல் ஜெயித்து, தோற்றபோது நூலிழையில் தோற்றிருக்கிறது என்று பொருள். நெருக்கமான ஆட்டங்களை ஜெயிக்கும் திறமை என்று ஒன்று தனியாக இருப்பதாகத் தொலைக்காட்சியில் பேசுகிறவர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. ஒரு சீசனில் கை கொடுத்த அதிர்ஷ்டம் அடுத்த சீசனிலும் கூடவே வருவது அரிது. 8-ஆம் இடத்தில் முடித்த யுனைடெடை அதன் கோல் கணக்கைக் கொண்டு எடைபோட்டிருந்தால், நான் 6-ஆம் இடத்தில் வைத்திருக்க மாட்டேன். அது 15-ஆம் இடத்துக்குச் சரிந்த அதே சீசனில் பேலஸ் 53 புள்ளிகளோடு 12-ஆம் இடத்தில் முடித்து, இங்கிலாந்து கிளப்புகளுக்கான எஃப்ஏ கோப்பையின் இறுதியில் சிட்டியையும் வீழ்த்தியது.

நான் இந்த ஆண்டு வரிசை எண் போட்டுப் பட்டியல் எழுதாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடந்த சீசனில் 3-ஆம் இடத்திலிருந்த சிட்டிக்கு 71 புள்ளிகள், 7-ஆம் இடத்திலிருந்த ஃபாரஸ்டுக்கு 65. ஐந்து இடங்கள் ஆறு புள்ளிகளுக்குள் அடங்கிவிட்டன. கடைசி நாளான மே 25 அன்று யுனைடெடின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் யுனைடெடும் ஆஸ்டன் வில்லாவும் கோலில்லாமல் நின்றபோது, யுனைடெட் கோல்கீப்பரின் கையிலிருந்து நழுவிய பந்தைத் தட்டிச் சென்று வில்லாவின் மோர்கன் ரோஜர்ஸ் வலைக்குள் செலுத்தினார். பந்து கோட்டைத் தாண்டும் முன்பே நடுவர் விசில் ஊதிவிட்டதால், வீடியோ நடுவரிடம் கொண்டுபோகவும் வழியில்லாமல் அந்தக் கோல் செல்லாமல் போயிற்று. அடுத்த சில நிமிடங்களில் யுனைடெட் கோல் அடித்தது. வில்லா 2-0 என்று தோற்றது. ஆட்டம் சமனில் முடிந்திருந்தால்கூட வில்லாவுக்கு 67 புள்ளிகளும் 5-ஆம் இடமும் ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீகில் ஆடும் வாய்ப்பும் கிடைத்திருக்கும். 66 புள்ளிகளோடு அந்த இடம் நியூகாசிலுக்குப் போனது, அதுவும் கோல் வித்தியாசத்தில். வில்லா 5-ஆவது என்று எழுதியவர் அந்த விசிலுக்கு முன்வரை சரி, விசிலுக்குப் பின் தவறு. ஆட்டத்தைப் பற்றிய அவருடைய புரிதல் இடையில் மாறிவிடவில்லை.

அதனால் இப்போது நான் இடத்துக்குப் பதிலாக எல்லையைக் குறிக்கிறேன். லிவர்பூல், ஆர்சனல், சிட்டி மூன்றும் முதல் நான்குக்குள் வரும். ஃபாரஸ்ட் 9 முதல் 14-க்குள் இறங்கும்; 1995-96-க்குப் பிறகு முதன்முறையாக ஐரோப்பியப் போட்டிகளில் ஆடப் போகும் அணிக்கு வாரநடுப் பயணங்கள் புதிது. பயிற்சியாளரையும் கேப்டனையும் ஒரே கோடையில் இழந்த ப்ரென்ட்ஃபோர்டைப் பற்றிக் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

கீழ்ப்பிரிவிலிருந்து மேலேறி வரும் மூன்று அணிகளையும் கண்ணை மூடிக்கொண்டு, மீண்டும் கீழே இறங்க வேண்டிய 18, 19, 20 ஆகிய இடங்களில் எழுதும் வழக்கம் உங்கள் அலுவலகத்திலும் இருக்கும் என்று நினைக்கிறேன். கடந்த இரண்டு சீசன்களாக அப்படியே நடந்திருப்பதால் அதைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் அதற்கு முன் அப்படி மூன்றுமே இறங்கியது 1997-98-இல் மட்டும்தான்; 2022-23-இல் மூன்றுமே தப்பின. லீட்ஸும் பர்ன்லியும் கீழ்ப்பிரிவில் தலா 100 புள்ளிகள் எடுத்து வருகின்றன, சந்தர்லாந்து 76 எடுத்து பிளே-ஆஃப் எனும் கூடுதல் தகுதி ஆட்டங்கள் வழியாக வருகிறது. இரண்டு இறங்கும் என்பது என் கணிப்பு. மூன்றாவது இடத்துக்கு ஏற்கெனவே மேலே இருக்கும் அணி ஒன்றைத் தேடுங்கள். லீக் ஆகஸ்ட் 15 அன்று தொடங்குகிறது, வீரர்களை வாங்கவும் விற்கவும் செப்டம்பர் 1 வரை அவகாசம் இருக்கிறது. முடிந்தால் உறையை அந்தக் கடைசி நாளில் ஒட்டுங்கள்.

இனி உங்கள் கேள்வி. கோல் கணக்கு டாட்டன்ஹாமின் பக்கம் நிற்கிறது: அதற்கு மைனஸ் 1, யுனைடெடுக்கு மைனஸ் 10. ஆட்ட அட்டவணை யுனைடெடின் பக்கம் நிற்கிறது. டாட்டன்ஹாம் ஐரோப்பாவின் இரண்டாம்நிலைக் கிளப் போட்டியான யூரோப்பா லீகை வென்றதால் சாம்பியன்ஸ் லீகில் ஆட வேண்டும். அந்த இறுதியில் தோற்ற யுனைடெடுக்கோ 2014-15-க்குப் பிறகு முதன்முறையாக ஐரோப்பிய ஆட்டமே கிடையாது, வாரம் முழுக்கப் பயிற்சிக்கு நேரம் இருக்கும். லீகின் மிகப் பெரிய சம்பளப் பட்டியல்களில் ஒன்றை வைத்திருக்கும் கிளப் 15-ஆம் இடத்திலேயே இன்னொரு ஆண்டும் கிடப்பது கடினம். யுனைடெட் 5 முதல் 9, டாட்டன்ஹாம் 7 முதல் 12. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று கவிந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கட்டாயம் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால், யுனைடெட் மேலே.