முதலில் ஃபேன், அப்புறம் கூண்டுக் கதவு

கேள்வி: அக்கா, எங்கள் வீட்டுக்கு ஒரு பச்சை பட்ஜி (சின்னக் கிளி வகை) வந்து 12 நாள் ஆகிறது. கூண்டிலேயே அடைத்து வைத்திருக்க மனசு வரவில்லை. என் 9 வயது மகள், 'ஒரே ஒரு தடவை வெளியே விடும்மா' என்று தினமும் கேட்கிறாள். விற்றவரோ, 'சிறகை வெட்டிவிட்டு விடுங்கள், இல்லாவிட்டால் பிடிக்க முடியாது' என்கிறார். எப்படி விடுவது? விட்டால் திரும்ப உள்ளே வருமா?

பதில்: உங்கள் மகள் கேட்பது நியாயம்தான். ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் தண்ணீரையும் புல்விதையையும் தேடிக் கூட்டம் கூட்டமாகப் பறந்து திரிகிற இனம் அது. எடை 30, 40 கிராம்தான் இருக்கும், ஆனால் பறக்காமல் அதற்கு உடம்பு நன்றாக இருக்காது. எனவே வெளியே விடத்தான் வேண்டும். இன்றைக்கே வேண்டாம்.

திரும்ப வருமா என்று கேட்டீர்களே, அதிலிருந்து தொடங்குகிறேன். நான் வளர்த்த முதல் பட்ஜி நீலு. வந்த மூன்றாம் நாளே ஆசைப்பட்டுக் கதவைத் திறந்துவிட்டேன். அறையை இரண்டு சுற்று சுற்றிவிட்டுத் திரைச்சீலைக் கம்பியில் போய் உட்கார்ந்தது. எப்படியாவது உள்ளே விட்டுவிட வேண்டும் என்று ஒரு துண்டை எடுத்துக்கொண்டு துரத்தினேன். பறந்து களைத்துப்போய் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து, அலகைத் திறந்தபடி மூச்சு வாங்கியது. நல்லவேளை, அடி எதுவும் படவில்லை. ஆனால் அதன் பிறகு இரண்டு மாதம், என் கை கூண்டுப் பக்கம் போனாலே நீலு கம்பியில் மோதி மோதிப் படபடக்கும். அந்தக் கை அதற்கு ஒரு பருந்தாகிவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், துரத்திப் பிடிக்கிற நிலைமையே வரக்கூடாது.

அதற்கு உங்கள் பட்ஜி முதலில் கூண்டுக்குள்ளேயே உங்கள் கையை நம்ப வேண்டும். ஒரு தினைக்கதிரைக் கையில் பிடித்துக்கொண்டு, கூண்டுக்குள் கையை அசையாமல் வைத்திருங்கள். முதல் நாள் தூரத்துக் கம்பியில் போய் ஒட்டிக்கொள்ளும். இறகெல்லாம் உடம்போடு ஒட்டி, விறைத்து நிமிர்ந்து நின்றால் பயந்திருக்கிறது என்று அர்த்தம், கையை மெதுவாக எடுத்துவிடுங்கள். சில நாளில் ஒரு கொத்து கொத்தும். அப்புறம் விரலில் ஒரு கால் வைக்கும். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே இறகு கோதுகிறது, ஒற்றைக்காலில் நின்று தூங்குகிறது, விரலை வயிற்றுக்குக் கீழே நீட்டினால் ஏறி உட்காருகிறது என்றால் அது தயார். 12 நாளில் இது நடந்திருக்கலாம், நடக்காமலும் இருக்கலாம். நாட்களை எண்ணாதீர்கள், பறவையைப் பாருங்கள்.

அடுத்தது அறை. கதவைத் திறக்கும் முன் ஃபேனைப் பாருங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, இறக்கை முழுவதும் நிற்கும்வரை காத்திருங்கள். நின்றபின், வேறு யாரும் தெரியாமல் போட்டுவிடாதபடி சுவிட்சின் மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டிவிடுவேன். கண்ணாடி என்று ஒன்று இருப்பதே பட்ஜிக்குத் தெரியாது, அதனால் ஜன்னலை மூடித் திரையை இழுத்து விடுங்கள், முகம் பார்க்கும் கண்ணாடியைத் துணியால் மூடுங்கள். அறைக்கதவைத் தாழிட்டுவிட்டு, வெளிப்பக்கம் 'பறவை வெளியே இருக்கிறது' என்று உங்கள் மகளையே எழுதி ஒட்டச் சொல்லுங்கள். வாளியில் தண்ணீர், எரியும் மெழுகுவர்த்தி, பூனை, நாய் எதுவும் அந்த அறையில் வேண்டாம். சமையலறை கூடவே கூடாது. நான்ஸ்டிக் பாத்திரம் அடுப்பில் அளவுக்கு மீறிக் காய்ந்தால் வரும் புகை நமக்குப் பெரிதாகத் தெரியாது, பட்ஜியைச் சில நிமிஷத்தில் கொன்றுவிடும். பக்கத்து அறையில் இருந்தாலும் ஆபத்துதான்.

மேலே தூக்கும் கதவுள்ள கூண்டு என்றால் ஒரு கிளிப் போட்டு நிறுத்துங்கள். பாதி உடம்பு வெளியே வரும்போது அது சட்டென்று விழுந்தால் கால் போய்விடும்.

சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்பு திறப்பது நல்லது. தீனியும் தண்ணீரும் கூண்டுக்குள் மட்டுமே இருக்கட்டும். கையை விட்டு வெளியே எடுக்காதீர்கள், தானாக வரட்டும். முதல் நாள் வாசல் கம்பியில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாலும் சரி, அதுவே பெரிய காரியம். உங்கள் மகள் தரையில் உட்கார்ந்து ஏதாவது படித்துக்கொண்டிருக்கட்டும். ஓடக்கூடாது, கத்தக்கூடாது. எழுந்து நடக்கும்போது காலடியைப் பார்த்து நடக்க வேண்டும், பட்ஜிக்குத் தரையில் நடப்பதும் பிடிக்கும்.

பசி வந்ததும் பெரும்பாலும் தானே உள்ளே போகும். போகவில்லையா? தினைக்கதிரைக் காட்டி விரலில் ஏற்றிப் பாருங்கள். அதுவும் நடக்காவிட்டால், அது உட்கார்ந்த இடத்தைக் குறித்துக்கொண்டு விளக்கை அணையுங்கள். இருட்டில் அதற்குக் கண் சரியாகத் தெரியாது, பறக்கத் தயங்கும். மெல்லிய பருத்தித் துணியைப் போர்த்தி எடுத்து உள்ளே விடுங்கள். நெஞ்சை மட்டும் அழுத்தவே கூடாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் பறவைக்கு மூச்சே ஓடும்.

சிறகு வெட்டுவது எனக்குச் சம்மதமில்லை. வெட்டிய பறவை, பறக்க முடியும் என்று நினைத்து எகிறிக் கல்லைப் போல விழுந்து நெஞ்சில் அடிபடுகிறது. பிடிப்பது எளிதாகலாம், நம்பிக்கை வளராது.

கேள்வி: எங்கள் பட்ஜி நேற்று ஜன்னல் கண்ணாடியில் மோதிக் கீழே விழுந்தது. ஐந்து நிமிஷம் கழித்து எழுந்துவிட்டது. மருத்துவரிடம் காட்ட வேண்டுமா?

பதில்: காட்டுங்கள், அதுவும் பறவைகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம். எழுந்து உட்கார்ந்துவிட்டது என்பதால் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது, பறவைகள் வலியை மறைக்கும். தலை ஒருபக்கம் சாய்ந்திருக்கிறதா, ஒரு சிறகு தொங்குகிறதா, மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடுகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் உடனே கிளம்புங்கள். அதுவரை காற்றுத் துளை போட்ட ஒரு சின்ன அட்டைப்பெட்டியில் மெல்லிய துணி விரித்து, இருட்டாக, சத்தமில்லாத, சூடு குறையாத இடத்தில் வையுங்கள். மயங்கிக் கிடக்கும்போது வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.